வேலியும் வாளியும்

சென்னைக் கோட்டூர்புரத்தில் பன்றிப் பண்ணை கிடையாது. வைக்க இடமும் இல்லை. இருந்தாலும் இந்தக் கட்டுரை அருகருகே நிறுத்திப் பார்க்கப்போகும் இரண்டு பன்றிகளுக்கும் இந்த ஊரோடு தொடர்பு உண்டு. முதலாவது, நகரத்தின் மிச்சச் சோற்றில் வளரும் வெண்பன்றி. விடுதி, கல்யாண மண்டபம், ஓட்டல் என்று அடையாற்றின் இரு கரையிலும் தினமும் மீந்துபோவதில் ஒரு பங்கு நீல டிரம்களில் நிரம்பி, குட்டியானை வண்டியில் ஏறி, நகரத்துக்கு வெளியே போவது இதற்காகத்தான். இரண்டாவது, சான்றிதழ் பெற்ற இயற்கைப் பண்ணைப் பன்றி. அது வளர்வது டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும். ஆனால் அப்படியொன்று சென்னைக்கு வந்தால் வாங்கக்கூடியவர் இங்கே குடியிருக்கிறார். மாப்பிள்ளைச் சம்பாவும் மரச்செக்கு எண்ணெயும் எந்த ஊர்ப் பண்ணையிலிருந்து வந்தன என்று விசாரித்து வாங்குபவர் அவர். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதவர். முதல் பன்றிக்கு வாளியில் மிச்சம் போடுவதும் இரண்டாம் பன்றிக்கு விலை கொடுக்கத் துணிவதும் சில சமயம் ஒரே வீடாகக்கூட இருக்கலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிர்த் துருவங்கள். இயற்கைப் பன்றியை வரையறுப்பது வேலி: எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்ற நீண்ட பட்டியல். மிச்சச்சோற்றுப் பன்றியை வரையறுப்பது வாளி: வந்ததை எல்லாம் தின்று தீர்ப்பது. ஒன்றின் பெருமை தூய்மை. மற்றதன் பெருமை, யாரும் பெருமையாகச் சொல்லாவிட்டாலும், வீணாக்காமை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இந்த எதிர்மறை அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

தீவனத்திலிருந்து தொடங்குவோம், பன்றி வளர்ப்பில் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் போகிறது. 15 கிலோவில் வாங்கிய குட்டி 90 கிலோ உயிர் எடைக்கு வர 75 கிலோ கூட வேண்டும். ஒரு கிலோ கூட 3.3 கிலோ அடர்தீவனம் என்று கொண்டால் ஏறத்தாழ 250 கிலோ. தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பன்றிக்கு 7,500 ரூபாய். இதுதான் நடுக்கோடு, நம் இரண்டு பன்றிகளும் இந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்கின்றன.

மிச்சச் சோற்றில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 250 கிலோ உலர்ந்த தீவனத்துக்கு ஈடாக, நூற்றுக்கு 22 பங்கு உலர்பொருள் உள்ள சோறும் சாம்பாரும் சுமார் 1,000 கிலோ வேண்டும். ஒரு பன்றி, ஒரு டன். இந்த எண் நினைவில் நிற்கக்கூடியது என்பதோடு உபயோகமானதும்கூட. நூறு பன்றிகள் 200 நாளில் 100 டன் தின்றால், நாளொன்றுக்கு 500 கிலோ. அதாவது குட்டியானை ஒரு நடை. டீசல், ஓட்டுநர், டிரம் கழுவும் ஆள் எல்லாம் சேர்த்து நடைக்கு 1,500 ரூபாய் என்றால், பன்றிக்கு 3,000 ரூபாய். சோற்றுக்கு விலை உண்டா என்பது இடத்தைப் பொறுத்தது. பண்ணைக்காரர் காசு கொடுத்து எடுப்பதும் உண்டு, சும்மா கிடைப்பதும் உண்டு, எடுத்துப்போனால் போதும் என்று மண்டபத்தாரே கையில் கொடுப்பதும் உண்டு.

இயற்கைப் பன்றி கோட்டின் மறுபக்கம். அதன் தீவனமும் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழ் சோளமும் சோயாவும் சாதாரணச் சரக்கின் இரண்டு மடங்கு விலைக்குப் போனால், 7,500 என்பது 15,000 ஆகும். வெளியில் நடந்து திரிவதாலும் குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருப்பதாலும் அது தின்பதும் சற்று அதிகம். ஆக, 3,000, 7,500, 15,000. அனுமானக் கணக்குதான், சந்தை விலை ஏறி இறங்கும்போது எண்கள் மாறும், வரிசை மாறாது. ஒன்று தீவனத்தின் மலிவில் பிழைக்கிறது. மற்றது இறைச்சியின் விலையில் பிழைக்கிறது. நடுவில் நிற்கும் சாதாரணப் பண்ணைக்கு மட்டும் இரண்டு சௌகரியமும் இல்லை.

இவ்வளவு தொலைவில் நிற்கும் இரண்டும் ஓரிடத்தில் ஒரே குறையில் தடுக்கி விழுகின்றன. அந்தக் குறையின் பெயர் லைசின். பன்றியின் தசை வளர்ச்சிக்கு முதலில் பற்றாக்குறையாவது இந்த அமினோ அமிலம்தான். சாதாரணப் பண்ணை ஆலையில் தயாரித்த லைசினைத் தீவனத்தில் கலந்து விஷயத்தை முடித்துவிடுகிறது. ஐரோப்பிய இயற்கை விதிகளில் அதற்கு அனுமதி இல்லை. ஆகவே இயற்கைப் பண்ணை, லைசின் எட்டும்வரை பட்டாணியும் பீன்சும் சோயாவும் கூட்டிக்கொண்டே போகிறது. தேவைக்கு மேல் சேர்ந்த புரதம் நைட்ரஜனாகச் சிறுநீரோடும் சாணத்தோடும் வெளியேறுகிறது. விடுதிச் சோற்றுப் பன்றிக்கும் அதே பஞ்சம்தான், காரணம் வேறு. அரிசியில் மாவுச்சத்து மிகுதி, லைசின் குறைவு. சாம்பாரில் பருப்பு இருந்தால் ஓரளவு ஈடாகும்; ஆனால் மீந்துபோவது பெரும்பாலும் சாதம், பருப்பு இல்லை. பொரித்த எண்ணெயும் சேர்ந்துகொள்ள, இந்தப் பன்றி தசைக்குப் பதில் கொழுப்பைக் கட்டுகிறது. விவரம் தெரிந்தவர் கருவாட்டுத் தூளோ சோயாப் புண்ணாக்கோ கலப்பார். விதி தடுத்ததால் ஒன்றுக்கும், விருந்து அப்படி அமைந்ததால் மற்றொன்றுக்கும் ஒரே பசி. ஒன்றின் பற்றாக்குறை மண்ணில் நைட்ரஜனாகவும் மற்றதன் பற்றாக்குறை கறிக்கடைத் தட்டில் கொழுப்பாகவும் தெரிகிறது.

இயற்கைப் பண்ணை இந்தப் பசியைத் தன் நிலத்திலேயே தீர்த்துக்கொள்கிறது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். தீவனத்தில் குறைந்தது நூற்றுக்கு 30 பங்கு சொந்தப் பண்ணையிலிருந்தோ வட்டாரத்திலிருந்தோ வர வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. மீதிக்குக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் இயற்கைச் சோயாவில் பெரும்பங்கு சீனாவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவிலிருந்தும் போயிருக்கிறது. நம் வெண்பன்றியின் தீவனம் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடுகிறது. வட்டாரத் தீவனம் என்ற அளவுகோலை மட்டும் வைத்தால் டிரம் வண்டிதான் ஜெயிக்கும். ஆனால் அந்த டிரம்முக்குள் பல்குச்சியும் எலுமிச்சைத் தோலும் பிளாஸ்டிக் டம்ளரும் கிடக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். தரம் பிரிக்காத மிச்சம் தீவனம் ஆகாது.

வரலாற்றிலும் இவை ஒரே காலத்துப் பிள்ளைகள். இயற்கை வேளாண்மையின் முன்னோடி என்று மேற்கு கொண்டாடும் ஆல்பர்ட் ஹோவர்ட், மத்தியப் பிரதேசத்து இந்தூரில் செய்த ஆய்வுகளைக் கொண்டு யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931இல் வெளியிட்ட நூல் எதைப் பற்றியது? வேளாண் கழிவுகளை மட்கச்செய்து மண்ணுக்குத் திருப்புவது பற்றியது. அந்த இயக்கத்தின் அடித்தளமே கழிவுதான். அவர் சிந்தனையின் தாக்கத்தில் பிரிட்டனில் மண் சங்கம் 1946இல் தோன்றியது. அதே பத்தாண்டில், போர்க்காலத் தட்டுப்பாட்டில், அதே பிரிட்டன் தெருத்தெருவாகப் பன்றித் தொட்டி வைத்து வீட்டு மிச்சங்களைத் திரட்டியது. லண்டனின் வடக்கே டாட்டன்ஹாம் நகர மன்றம் அவற்றைக் கொதிக்கவைத்துக் கெட்டியாக்கிப் பன்றிக்குப் போட்டது. அதற்கு ‘டாட்டன்ஹாம் புட்டிங்’ என்று பேரே நிலைத்துவிட்டது. நிலம் பற்றாத காலத்தில் மண்ணை வீணாக்காதே என்று ஒரு குரலும் சோற்றை வீணாக்காதே என்று இன்னொரு குரலும் சேர்ந்தே ஒலித்தன. பின்னால் மண்ணின் குரல் சான்றிதழாகிக் கடையேறியது. சோற்றின் குரலைச் சட்டம் அடக்கியது.

அடக்கியதற்குக் காரணம் நியாயமானது. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய், நார்த்தம்பர்லாந்தில் சரியாகக் கொதிக்கவைக்காத மிச்ச உணவு போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாக அரசு விசாரணை முடிவு செய்தது. 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டே மிச்ச உணவுத் தீவனத்துக்குத் தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் பின்தொடர்ந்தது. ஆக இன்று அங்கே இயற்கைப் பன்றி மட்டுமல்ல, எந்தப் பன்றியும் சமையலறை மிச்சம் தின்னக்கூடாது. ஜப்பான் எதிர்த்திசையில் போனது. உணவு மறுசுழற்சிச் சட்டத்தின் கீழ் மிச்சத்தைச் சூடாக்கி, நொதிக்கவைத்து, திரவத் தீவனமாக்கி, அதில் வளர்ந்த இறைச்சியைத் தனி முத்திரையோடு விற்கிறது. ஐரோப்பாவும் அப்படிச் செய்தால் உலகில் சுமார் 18 லட்சம் ஹெக்டேர் விளைநிலம் மிஞ்சும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

நமக்கு இன்று அச்சம் தருவது கோமாரி அல்ல, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தது. 2022இல் வயநாடு. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள். மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால் பட்டியே காலி. கிருமி பன்றி இறைச்சித் துண்டுகளில் உயிரோடிருக்கும் என்பதால் வாளி ஆபத்தானது. இங்கே இயற்கைப் பன்றிக்கு மார்தட்ட இடமில்லை. 2020 செப்டம்பரில் ஜெர்மனியில் காட்டுப்பன்றி ஒன்றில் நோய் தென்பட்டதும், கட்டுப்பாட்டு வளையத்துக்குள் பன்றிகளைத் திறந்தவெளியில் விடத் தடை வந்தது. திறந்தவெளிதானே இயற்கைப் பன்றியின் அடையாளம்? மிச்சச்சோற்றுப் பன்றிக்குக் கிருமி வாளி வழியாக வரும்; இயற்கைப் பன்றிக்கு வேலி வழியாக வரும். இரண்டுக்கும் எதில் பெருமையோ அதிலேதான் ஓட்டை.

நிலம், வெயில், மழை மூன்றையும் சேர்த்தே பார்க்கலாம். ஐரோப்பிய விதிப்படி 85 கிலோ தாண்டிய பன்றி ஒன்றுக்குக் கூரைக்குள் 1.3 சதுர மீட்டர், வெளியே 1 சதுர மீட்டர் வேண்டும். சாணத்தின் நைட்ரஜன் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோவைத் தாண்டக்கூடாது. இங்கிலாந்தில் வெளிவளர்ப்பு செழிப்பது நார்ஃபோக், சஃபோக் பக்கம். மணற்பாங்கான மண், குறைந்த மழை. சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பது. 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் நுழைந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஏரிக்கரையில் திறந்தவெளிப் பன்றிப்பட்டி என்றால் அந்த வாரத்தில் சாணம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மே மாதமோ வேறு தொல்லை. பன்றிக்கு வியர்க்காது, வெள்ளைத் தோல் வெயிலில் வெந்துவிடும். டென்மார்க்கில் இயற்கைப் பன்றித் தடங்களில் பாப்லார் மரம் நட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். மரம் நிழலும் தரும், தேங்கும் நைட்ரஜனையும் உறிஞ்சும். இங்கே அதை வேம்பும் புங்கனும் செய்யலாம். செய்துபார்க்க நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். புறம்போக்கில் பட்டி போட்டவர் மரம் வைக்கமாட்டார்.

இனத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜிஎஸ்டி சாலையோரம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆய்வு நிலையம், முக்கால் பங்கு யார்க்ஷயர் வெண்பன்றியும் கால் பங்கு நாட்டுப்பன்றியும் கலந்து ‘காட்டுப்பாக்கம் கோல்டு’ ரகத்தை உருவாக்கியது. வெயிலையும் தாங்கும், கண்டதையும் தின்னும், எடையும் போடும். டென்மார்க்கின் இயற்கைப் பண்ணைகளோ தொழிற்சாலைப் பண்ணைக்கென்று உருவான, ஒரே ஈற்றில் பதினைந்துக்கு மேல் குட்டி போடும் தாய்ப்பன்றிகளையே பெரும்பாலும் வைத்திருக்கின்றன. கம்பிக் கூண்டு இல்லாத குடிலில் அவ்வளவு குட்டிகளைத் தாய் நசுக்காமல் வளர்ப்பது கடினம். அங்கே பிறப்பவற்றில் கால்பங்குக்கு மேல் பால்குடி மறக்குமுன் சாவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கருணைக்குப் பேர்போன வளர்ப்பில் இத்தனை சாவு என்பதை அந்நாட்டுப் பண்ணையாளர்களே மறைக்காமல் விவாதிக்கிறார்கள். ஒன்றுக்குச் சட்டதிட்டம் பொருந்தியது, இனம் பொருந்தவில்லை. மற்றதற்கு இனம் பொருந்தியது, சட்டதிட்டம் என்று எதுவும் இல்லை.

சந்தையில் மறுபடியும் சொந்தம் தெரிகிறது. மிச்சச் சோற்றின் வரத்துக்குப் பஞ்சாங்கம்தான் மேலாளர். தை, வைகாசி, ஆவணியில் மண்டபங்கள் நிரம்பி வழியும். ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பே எரியாது. மே மாதம் விடுதிகள் மூடும். அப்போதெல்லாம் பண்ணைக்காரர் கடனுக்குத் தவிடு வாங்குவார். இயற்கைப் பன்றிக்குப் பஞ்சம் வருவது வாங்குபவர் பக்கம். 2022இல் விலைவாசி ஏறியபோது ஐரோப்பியக் குடும்பங்கள் முதலில் குறைத்துக்கொண்டவற்றில் இயற்கைப் பொருட்களும் அடங்கும். வரத்து ஆட்டுவிக்கும் தொழில் ஒன்று, தேவை ஆட்டுவிக்கும் தொழில் மற்றது. இரண்டுக்கும் மூச்சு வருவது கிறிஸ்துமஸுக்கு முன்னால்தான். தமிழ்நாட்டு வெண்பன்றியில் கணிசமான பங்கு பாலக்காட்டுக் கணவாய் தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. ஒரு சோதனைச்சாவடி மூடினால் விலை சரியும். ஒற்றை வாங்குபவரை நம்பியிருப்பதில் இயற்கைப் பண்ணையும் குறைந்ததல்ல; அங்கே சாவடிக்குப் பதில் கூட்டுறவு இறைச்சி நிறுவனத்தின் ஒப்பந்தம்.

வேறுபாடு மிகக் கூர்மையாவது மதிப்பில். டென்மார்க்கில் ஆண்டுக்கொருமுறை இயற்கைப் பன்றிப் பண்ணைகள் கதவைத் திறந்துவைக்கின்றன. குடும்பம் குடும்பமாக வந்து பார்க்கிறார்கள். விளம்பரம்தான், ஆனால் வேலை செய்கிற விளம்பரம். நம் பண்ணைக்காரர் கதவைத் திறக்க நினைப்பதே இல்லை. தெரிந்தால் நாற்றம் என்று மனு போகும், இடம் காலியாகும். இத்தொழில் செய்பவர்களில் பலர் சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்கள் என்பது அந்த ஒளிவை இன்னும் இறுக்குகிறது. ஒளிந்து செய்யும் தொழிலுக்கு வங்கிக் கடன் இல்லை, காப்பீடு இல்லை. தேசியக் கால்நடை இயக்கம் 100 தாய்ப்பன்றி, 10 ஆண்பன்றி கொண்ட பண்ணைக்கு 30 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. நிலப் பத்திரம் கேட்கும்போதே பாதிப்பேர் வரிசையிலிருந்து கழன்றுவிடுவார்கள். தமிழ்நாட்டின் இயற்கை வேளாண்மை உலகத்திலும் பன்றிக்கு நாற்காலி இல்லை. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் காலம் தொட்டு அங்கே மேடையில் நிற்பது நாட்டுமாடும் பஞ்சகவ்யமும். அரசு 2023இல் இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. நாட்டின் இயற்கை உற்பத்தித் திட்ட விதிகளில் கால்நடைக்கும் இடம் உண்டு. ஆனால் சான்றிதழ் சோயா டன் கணக்கில் கிடைக்காத மாநிலத்தில் அந்த விதிப்படி பன்றி வளர்த்தால், 15,000 ரூபாய்த் தீவனம் தின்ற அந்தப் பன்றியைக் கோட்டூர்புரத்து வாடிக்கையாளர் ஒரு முறை வாங்குவார், ஆர்வத்துக்காக.

ஆகவே என் தராசு இந்த ஊருக்கு வாளியின் பக்கமே சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு. உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதித்தொகுப்பு, மிச்ச உணவை 90 டிகிரியில் 60 நிமிடம் கிளறிக்கொண்டே சூடாக்கினால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி அழியும் என்கிறது. ஒரு டன் மிச்சத்தை 30 டிகிரியிலிருந்து 90க்கு ஏற்ற, சாதாரண அடுப்பில் 80 கிலோ விறகு போகும்; ஒரு மணி நேரம் சூடு தணியாமல் வைக்க மேலும் கொஞ்சம். நூறு கிலோ என்றே வைப்போம். விறகு கிலோ 8 ரூபாய் என்றால் பன்றிக்கு 800. அந்த 3,000 என்பது 3,800 ஆகிறது. அப்போதும் அடர்தீவனச் செலவில் பாதிதான். ஆக அடுப்பு எரியாததற்குக் காசு முழுக் காரணம் அல்ல. எரிந்ததா என்று பார்க்க யாருமில்லை என்பது பெரிய காரணம்.

இங்கேதான் இயற்கைப் பன்றியிடம் கடன் வாங்க ஒன்று இருக்கிறது. அதன் மேய்ச்சல் தடமோ குடிலோ அல்ல, அதன் பதிவேடு. எந்தத் தீவனம் எந்தத் தேதியில் வந்தது, எந்தக் குட்டிக்கு எந்த மருந்து, வந்து பார்த்த ஆய்வாளர் யார் என்று எல்லாம் தாளில் இருக்கும். அதே தாளில் அடுப்பின் வெப்பநிலைக்கு ஒரு பத்தி சேர்த்தால் வாளிப் பன்றிக்கும் ஒரு சான்று கிடைக்கும். ‘இயற்கை’ என்று அல்ல, ‘கொதிக்கவைத்தது’ என்று. செலவை யார் தலையில் வைப்பது? நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்க்கும் இடங்கள் தங்கள் மட்கும் கழிவுக்குத் தாங்களே வழி செய்ய வேண்டும் என்று 2016இன் திடக்கழிவு விதிகள் பொறுப்பு சுமத்தின. பெரிய விடுதியும் மண்டபமும் அதில் வரும். டன்னுக்கு 800 என்றால் கிலோவுக்கு 80 காசு. ஒரு முகூர்த்தத்தில் 100 கிலோ மீந்தால் 80 ரூபாய். இரண்டு மூன்று இலைச் சாப்பாட்டின் விலைகூட இல்லை. ஆனால் பூ, மேளம், ஜெனரேட்டர், துப்புரவு என்று நீளும் மண்டபத்து ரசீதில் அதற்கென்று ஒரு வரி இன்னும் அச்சாகவில்லை.